ஒருவழியாக ஸ்பிரிண்ட் டிரையத்லான் முடித்தாயிற்று

750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், நடுவில் ஷூ மாட்டுகிற நேரமும் கணக்கில் சேரும், அதனால் ஈரக்காலில் சாக்ஸ் ஏறாமல் நான் மல்லுக்கட்டியதும் சேர்ந்துவிட்டது. நீச்சலில் யாரோ முகத்தில் ஒரு உதை விட்டார், சரி, பரவாயில்லை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஞாயிறுதோறும் மூச்சு வாங்கியதற்கு சைக்கிளில் பலன் தெரிந்தது, சமவெளி ரோடு சும்மா பறந்தது. அப்புறம் இறங்கி ஓடினால்தான் தெரியும் சங்கதி! தொடை இன்னும் பெடல் மிதிக்கிற நினைப்பிலேயே இருக்கிறது, முதல் கிலோமீட்டர் முழுக்க மரக்கால், இதற்கு சைக்கிள் முடித்த கையோடு ஓடிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே குறை, அந்தக் காலை நேரத்தில் சேலத்தில் எந்தத் தட்டுவடை செட் கடையும் திறந்திருக்கவில்லை.