ஜீரோ போட்ட மரங்க

மரம் அளக்கப் போன அந்த மார்ச் ரவுண்டுல நான் செஞ்சது தப்பா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ண முடியல. சின்னாறு காட்டுல அளக்குறதுக்குன்னு குறிச்சு வெச்ச பிளாட்ல, மரத்துல போட்ட பெயின்ட் கோட்டு மேலயே டேப்ப சுத்துறேன், சுற்றளவு டிசம்பர்ல இருந்தத விட அரை சென்டி கம்மியா வருது. ஒரு மரம்னா சரி, உசில் மரத்துல அப்படி, வெக்காலி மரத்துல அப்படி, வரிசையா. மொதல்ல டேப் சுத்துற உயரத்துலதான் சந்தேகம், நம்ம ஊரு கணக்கு 1.37 மீட்டர், வெளிநாட்டுக் கணக்கு 1.3, யாராச்சும் மாத்திப் புடிச்சிருப்பாங்களோன்னு. ஆனா ஒரே கோடுதான். வெக்காலி செதில் செதிலா பட்டை உரிக்கும்னு வைங்க, உசிலுக்கு என்ன சொல்றது?

கூட வந்த வாட்ச்சர் அண்ணன், "வேனல்ல மரம் ஒடுங்கும் தம்பி, ஐப்பசி மழை விழட்டும், திரும்ப ஊதும்"ன்னார். நெசம்தான், பட்டையில தண்ணி வத்துனா தண்டு லேசா சுருங்கும். சிக்னலுக்காக உடுமலை ரோடு வரைக்கும் நடந்து போய், புராஜெக்ட்ட நடத்துற சாருக்கு ஃபோன் போட்டேன். "மரமாவது சுருங்குறதாவது, டேப்ப இறுக்கிப் புடிச்சிருப்ப. மைனஸ் வந்தா ஜீரோ போடு."

போட்டேன்.

எங்க வேலையே வறண்ட காட்டுல வளர்ச்சிய எது புடிச்சு வைக்குதுன்னு பாக்குறது. சார் எப்பவும் ஸ்பெயின் ஓக் காட்டத்தான் உதாரணம் சொல்வார், அங்க மழை குளிர்ல வந்துட்டுப் போயிடும், கோடையில வெயில் இருக்கும் தண்ணி இருக்காது, மரம் இலைத்துளைய மூடிக்கிட்டு சும்மா நிக்கும். மண் ஆழம், மரத்தோட நெருக்கம், சரிவு எந்தப் பக்கம் பாக்குது, எதத் தொட்டாலும் பெரும்பாலும் தண்ணிக் கணக்குலதான் வந்து நிக்கும். இங்கயும் மூணாறுல கொட்டுற ஆடி மழைய மலை மறிச்சிடுது, நமக்கு காத்துதான், ஐப்பசி கார்த்திகைய நம்பித்தான் பொழப்பு. அப்போ தண்ணி இல்லாம ஒடுங்குன மரத்த ஜீரோன்னு எழுதுனா எதத் தேடி வந்தோமோ அதையே அழிச்ச மாதிரிதானே? டேப் பிழைன்னே வெச்சுக்குவோம், அது ரெண்டு பக்கமும்தானே வரும், கூடுனத வெச்சுக்கிட்டு குறைஞ்சத மட்டும் தூக்குனா சராசரி ஏறத்தான செய்யும். சுற்றளவுல ஒரு சதவீதம் மாறுனா உயிர்நிறைல, அதாவது மரத்தோட காய்ஞ்ச எடைல, ரெண்டு சதவீதத்துக்கு மேல மாறும். மைனஸ் எல்லாம் மேட்டு பிளாட்லதான் ஜாஸ்தி, அதனால கிராஃப்ல மேடும் ஆத்தோரமும் பக்கத்துல பக்கத்துல வந்துடுச்சு.

ஆனா சார் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. தண்ணி வத்துறது வேற, கட்டை குறையுறது வேற. திரும்பவும் டிசம்பர்லயே அளந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. மார்ச் முப்பத்தொன்னுக்குள்ள பணத்த செலவு பண்ணி கணக்கு காட்டணும், அதான் மார்ச். நானும் அப்போ கான்ட்ராக்ட்ல இருந்தவன், ரினியூவல் ஃபைல் சார் டேபிள்ல. இத சாக்குன்னும் சொல்லலாம்.

அடுத்த தடவை போனப்ப வாட்ச்சர் அண்ணன் அந்த உசில தட்டிக்கிட்டே "இது என்ன தம்பி காட்டுச்சு?"ன்னு கேட்டார். "அப்படியேதாண்ணே இருக்கு"ன்னேன். அவர் டேப்ப சுருட்டிக்கிட்டே, "இருக்கும் இருக்கும்"னு முன்னாடி நடந்துட்டார்.