கோழியிடம் சொன்னது

வர்ஜீனியாவில் வேலைக்குச் சேர்ந்த நான்காவது வாரம் அது. சாஃப்ட்வேரில் பிழை தேடும் டெஸ்டிங் டீமில் நான்தான் சீனியர். மேனேஜர் ஐம்பதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்மணி, குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. வியாழக்கிழமை மாலை என் மேசைப் பக்கம் வந்தவர், "நேரம் கிடைத்தால் அந்த டிஃபெக்ட் ரிப்போர்ட்டை ஒருமுறை பார்க்கிறீர்களா?" என்றார். சரி என்றேன். நேரம் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை காலை, கிளையன்ட் முன்னால் அந்த ரிப்போர்ட்டைத் திறக்கச் சொன்னபோதுதான் அது கெடு வைத்த உத்தரவு என்று எனக்கு உறைத்தது. "உங்களிடம் சொல்லியிருந்தேனே" என்றார், அதே மெல்லிய குரலில்.

எங்கே சொன்னார்? கேள்விதானே கேட்டார்? சென்னையில் நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் டீம் லீட் நேரடியாகவே சொல்லிவிடுவார்: "இது முடியாம யாரும் கிளம்ப வேண்டாம்." அதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. இந்த அம்மா மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்று பேசுகிறவர் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் எங்கள் ஊரான ரெஸ்டனின் நூலகத்தில் டெபோரா டானன் எழுதிய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. ப்ரூக்ளினில் 1945-இல் பிறந்த மொழியியலாளர். 1979-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு வாஷிங்டனில் இருக்கும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். எங்கள் ஊர் மெட்ரோவில் ஏறி ராஸ்லினில் இறங்கி, கீ பாலத்தில் நடந்து பொடோமாக் நதியைக் கடந்தால் அவர் பாடம் நடத்திவந்த வளாகம் வந்துவிடும். இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒருவர் இருப்பது தெரியாமலே தினமும் போய் வந்திருக்கிறேன்.

ஆண், பெண் பேச்சைப் பற்றி 1990-இல் அவர் எழுதிய புத்தகம்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறக்குறைய நான்கு வருடம் இருந்ததாம். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு வரவில்லை. எல்லாவற்றையும் பேச்சுப் பாணியின் வித்தியாசமாகப் பார்க்கிறார், அதிகாரத்தைக் கணக்கில் குறைத்துவிடுகிறார் என்று மொழியியலாளர்கள் சிலர் அப்போதே சண்டைக்கு வந்தார்கள். அதில் நியாயம் உண்டு. என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறொரு ஆய்வு. ஷாரி கெண்டல் என்ற மொழியியலாளரோடு சேர்ந்து, ஸ்லோன் அறக்கட்டளையின் நிதியில் அவர் செய்தது. நான்கு குடும்பங்கள், கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தைகள் உண்டு. ஒரு வார காலம் ஆளுக்கொரு ரெக்கார்டரைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பேசுவது, ஆபீஸில் பேசுவது எல்லாம் பதிவாகும்.

அதில் ஒரு வீட்டில் இரண்டு நாய்கள். நான்கு வயதுப் பையன் பொம்மைகளை எடுத்து வைக்காமல் அடம்பிடிக்கிறான். அம்மா அவனைத் திட்டவில்லை. குரலை மாற்றி நாய்கள் பேசுவதுபோலப் பேசுகிறார்: நாங்கள் சேட்டைக்காரர்கள்தான், ஆனால் இவன் அளவுக்கு இல்லை என்று. சொன்னது நாய்கள், திட்டு வாங்கியது பையன், வீட்டில் சண்டையும் இல்லை. குடும்பத்தில் நேராகச் சொன்னால் சுடும் விஷயத்தை இப்படிச் செல்லப்பிராணியின் வாய் வழியாகச் சொல்லிவிடுகிறார்கள் என்று டானன் 2004-இல் ஒரு முழுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

படித்ததும் சிரித்துவிட்டேன். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஆச்சி இதே வேலையைக் கோழியை வைத்துச் செய்வாள். "பொழுது எங்க வந்துட்டு, இன்னும் தூக்கமா ஒனக்கு?" என்று முற்றத்துக் கோழியைப் பார்த்துக் கேட்பாள். கோழி விடியும் முன்பே எழுந்து மேய்ந்துகொண்டிருக்கும். உள்ளே பாயைச் சுருட்டும் சத்தம் கேட்கும், சித்தி எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். ஜாடை பேசுவது என்று இதற்கு ஊரில் பெயரே இருக்கிறது. ஆச்சியின் ஜாடைக்கு அடங்கியவர்களும் உண்டு, அழுதவர்களும் உண்டு. சித்தியைக் கேட்டால் அதிகாரம் பற்றி அந்த மொழியியலாளர்கள் சொன்ன பக்கம்தான் நிற்பாள்.

அப்போதுதான் எனக்கு என் மேல் சந்தேகம் வந்தது. அம்மா ஆறு மாதம் இங்கே வந்து தங்கியிருந்தபோது, "வாசல்ல செருப்பெல்லாம் செதறிக் கெடக்கு" என்பாள். அடுக்கு என்று சொல்லவே மாட்டாள். நான் அடுக்கிவிட்டு வருவேன். "இந்தச் சட்டையா போட்டுட்டுப் போற?" என்றால் போய் மாற்றிக்கொள்வேன், முணுமுணுத்துக்கொண்டே. ஜாடைக்குப் பழகிய வீட்டில் பிறந்து வளர்ந்த நான், மேனேஜரின் ஒரு வரியைக் கோட்டைவிட்டது எப்படி? ஆபீஸில் உத்தரவு என்றால் உத்தரவாகத்தான் வரும் என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன், அவ்வளவுதான். பதவியில் இருப்பவர் சுற்றி வளைத்துச் சொன்னால் அது தைரியக் குறைவு இல்லை, கேட்கிறவர் புரிந்துகொண்டு செய்வார் என்ற நிச்சயத்தில்தான் அப்படிச் சொல்ல முடிகிறது என்று டானன் எழுதுகிறார். ஆச்சிக்கும் அந்த நிச்சயம் இருந்தது.

சட்டை விஷயத்தையும் அவர் விடவில்லை. அமெரிக்க அம்மாக்களும் மகள்களும் தலைமுடி, உடை, உடல் எடை இந்த மூன்றில்தான் மாட்டிக்கொள்கிறார்களாம். அம்மா அக்கறை என்று நினைத்துச் சொல்வது மகள் காதில் குறையாக விழுகிறது. ஒரே வாக்கியத்தில் அக்கறையும் அதிகாரமும் சேர்ந்தே இருக்கும், பிரித்து எடுக்க முடியாது என்கிறார். மகன்களுக்கு இந்தத் தொல்லை குறைவு என்று யாராவது நினைத்தால் என் அம்மாவிடம் அனுப்பி வையுங்கள்.

தொனியால் வரும் வினையும் ஒன்று இருக்கிறது. டானனின் ஆசிரியர்களில் ஒருவரான ஜான் கம்பெர்ஸ், பிரிட்டனின் ஒரு பெரிய விமான நிலையத்து ஊழியர் கேன்டீனில் நடந்ததைப் பதிவு செய்தார். அங்கே புதிதாக வேலைக்கு வந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் மரியாதை இல்லாதவர்கள் என்று புகார். விசாரித்தால், சாப்பிட வருகிறவரிடம் "கிரேவி" என்று குரலை இறக்கிச் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலேயர்களானால் குரலை ஏற்றி "கிரேவி?" என்று கேட்பார்கள். இறக்கிச் சொன்னது, வேண்டுமானால் வாங்கு என்பதுபோல விழுந்திருக்கிறது. அந்தப் பெண்களுக்கோ அதுதான் இயல்பான கேள்வி. புகார் சொன்னவர்களுக்கும் சரி, அந்தப் பெண்களுக்கும் சரி, காரணம் இன்னதென்று தெரியவில்லை. இதைப் படித்த வாரம், மீட்டிங்கில் நான் எப்படிக் கேள்வி கேட்கிறேன் என்று பதிவைப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். டெஸ்ட் செய்ய வேண்டிய சாஃப்ட்வேர் பதிப்பு தயாரா என்று கேட்க நினைத்து, "பில்ட் ரெடி" என்று இறக்கித்தான் கேட்டிருக்கிறேன். எதிர்முனையில் இருந்தவர் அதைத் தகவலாக எடுத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். பதில் சொல்லக்கூட மனசில்லை இவர்களுக்கு என்று அன்று நான் கோபப்பட்டது வேறு கதை.

வீட்டிலிருந்து வேலை என்று ஆன பிறகு ஒரு சாயங்காலம், கிளையன்ட் இல்லாத உள் மீட்டிங் ஒன்று இழுத்துக்கொண்டே போனது. மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். இரண்டாம் முறையாக வந்திருந்த அம்மா, பின்னாலிருந்து என் மகளிடம் உரக்கச் சொன்னாள்: "ஏட்டி, உங்கப்பன் அந்தப் பொட்டிக்குள்ளயே குடியிருக்கப் போறானான்னு கேளு."

மீட்டிங் அமைதியானது. என்ன சொல்கிறார்கள் என்று மேனேஜர் கேட்டார். அம்மா பேத்தியிடம் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று சமாளித்தேன்.

"பேத்தியிடம் பேசுவதுபோலத் தெரியவில்லையே" என்றார். பிறகு எல்லோரிடமும், "இன்றைக்கு இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?" என்றார்.

டீமில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் மட்டும், தனக்கு இன்னும் பத்து நிமிடம் தொடர்வதில் ஆட்சேபணை இல்லை என்றார். நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.