‘ஏனு’ என்றால் ‘ஏன்’ இல்லை

பெங்களூரு சர்ஜாபுரம் சாலைப் பக்கம் ஒரு அரசு ஆரம்பப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். கன்னட வழிப் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் என்னிடம்தான். சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருப்பதால், அவற்றைக் கட்டுகிறவர்களின் தகர ஷெட்டுகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். கட்டடம் முடிந்ததும் மேஸ்திரி எங்கே அழைக்கிறாரோ அங்கே போய்விடுவார்கள். பல வருஷங்களாக அதில் பெரும்பாலும் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகள்.

ஒரு ஜூன் மாதம் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஏழு வயசு இருக்கும், எந்தக் காகிதமும் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்றோ மாற்றுச் சான்றிதழோ இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதால் சேர்த்துக்கொண்டோம். வழக்கம்போல் முதல் கேள்வி கேட்டேன்: “நின்ன ஹெஸரு ஏனு?” உன் பெயர் என்ன என்று அர்த்தம்.

“எங்கப்பா கூட்டியாந்து விட்டுச்சு” என்றாள்.

திரும்பக் கேட்டேன். “ஷெட்டுல யாரும் இல்ல, அதான்” என்றாள்.

நான் பெங்களூரிலேயே, தமிழர்கள் நிறைய இருக்கும் ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது, ஆனால் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல் பேசுகிறாளே என்று நினைத்துவிட்டேன். தமிழில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வகுப்பறைக்குள் கன்னடம் மட்டும்தான் என்று வைத்திருந்தேன், ஏனென்றால் நான் அப்படித்தான் கன்னடம் கற்றேன், தமிழ் பேசியதற்காக விரல் முட்டியில் ஸ்கேலால் அடி வாங்கியிருக்கிறேன், அடி வாங்கியதால்தான் இன்றைக்கு அரசு வேலையில் இருக்கிறேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ‘மெதுவாகக் கற்கும் குழந்தை’ என்று எழுதினேன். என் கையால்தான் எழுதினேன்.

எங்கள் வகுப்பு முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘நலி கலி’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு ஒரு மாதிரி இருக்கும், கன்னடத்தில் மகிழ்ந்து கல் என்று பொருள். 1995 வாக்கில் மைசூரு மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டையில், ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளிகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அரசுப் பள்ளி ஆசிரியர்கள் உருவாக்கியது. பாடப்புத்தகத்தை வரிசையாக நடத்துவது இல்லை. சுவரில் ‘கலிகா ஏணி’ என்று ஒரு ஏணி இருக்கும், ஒவ்வொரு படிக்கும் ஒரு அட்டை, பிள்ளை தன் வேகத்தில் ஏறலாம். சில குழுக்கள் ஆசிரியரோடு, சில குழுக்கள் கூடப் படிக்கும் பிள்ளைகளோடு, சிலர் தாமாகவே. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிடுவோம், அதற்குச் சப்பரம் என்று பேர். எழுத்தும் அகர வரிசையில் போகாது. ர, நகத்தில் வரும் க, ஸ, பாதத்தில் வரும் த, அ என்று ஐந்தில் தொடங்கும். ஐந்து எழுத்தை வைத்துக்கொண்டே அரஸ, ஸர என்று பிள்ளை சொற்களைப் படித்துவிடும். அரசன், சரம். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும், அந்த அட்டைகளில் பாதி என் வீட்டுச் சொற்கள் என்று எனக்கு உறைத்ததே இல்லை.

அந்தப் பெண் இரண்டு மாதம் முதல் படியிலேயே நின்றாள். ஆகஸ்டில் ஒரு காலை, பால் கொடுக்கும் நேரம். 2013-லிருந்து கர்நாடக அரசுப் பள்ளிகளில் க்ஷீர பாக்ய (க்ஷீரம் என்றால் பால்) என்ற திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பால் தருகிறார்கள், பால் பவுடரைக் கரைத்துச் சர்க்கரை போட்டுக் காய்ச்சுவது. இவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சப்பரத்தில் தொங்கிய ஒரு பட அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதில் செம்பில் பால்.

“மிஸ், இது ஏனு?”

“ஹாலு.”

“பாலுதான?”

“ஆமாம்” என்று என்னை அறியாமல் தமிழில் வந்துவிட்டது. அவள் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியும்! கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப ப-வுக்கு ஹ போட்டா கன்னடமா மிஸ்?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த ஜூன் மாதக் காலை ஞாபகம் வந்தது. நான் ‘ஏனு’ என்று கேட்டிருக்கிறேன், அவள் காதில் அது ‘ஏன்’ என்று விழுந்திருக்கிறது. ஏன் வந்தாய் என்று கேட்கிறார்கள் போல என்று நினைத்து, ஏழு வயசுப் பிள்ளை ஒழுங்காகக் காரணம் சொல்லியிருக்கிறது. அதுவும் இரண்டு தடவை. நான் அதற்கு மெதுவாகக் கற்கும் குழந்தை என்று எழுதி வைத்திருந்தேன்.

அன்றைக்கு வேறு பாடம் எதுவும் நடக்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வேட்டையாடினார்கள். பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு, பத்து ஹத்து, பசு ஹஸு, பேர்கூட ஹெஸரு. பாம்புக்கு ‘ஹாம்பு’ என்றார்கள், கன்னடப் பிள்ளைகள் சிரித்துவிட்டு ஹாவு என்று திருத்தினார்கள். பஸ்ஸுக்கு ‘ஹஸ்’ என்று ஒருவன் கத்தினான், அது நடக்காது என்று அவர்களே முடிவு செய்தார்கள். அப்புறம் ‘வ’ வந்தது, அது பஸ்ஸில் வரும் ப ஆகிவிடும். வா என்றால் பா, வேர் பேரு, விரல் பெரளு, வெள்ளி பெள்ளி. கன்னடத்தில் ப ஹ ஆனது பல நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த மாற்றம், பழைய கன்னடத்தில் பாலுக்குப் பால் என்றுதான் சொல். மொழி அறிஞர்கள் எழுதி வைத்திருப்பதை இந்தப் பிள்ளைகள் ஒரு டம்ளர் பால் ஆறுவதற்குள் பிடித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் இன்னொரு பையன் வந்து, “பள்ளிக்கு ஹள்ளி” என்றான். ஹள்ளி என்றால் கிராமம், பள்ளிக்கூடத்துக்கு ஷாலெ என்றேன். அவன் விடவில்லை, மாரத்தஹள்ளி, பொம்மனஹள்ளி என்று பஸ் போர்டுகளை அடுக்கினான். பிறகுதான் யோசித்தேன், திருச்சிராப்பள்ளியின் பள்ளியும் இந்த ஹள்ளியும் ஒன்றுதானே! இவர்கள் எல்லோரும் ஓசூர் வழியாகத்தான் வருகிறார்கள். அது ஹொஸ ஊரு, நம் புதூர்.

கூட வேலை பார்க்கும், கர்நாடகத்து ஹாசன் ஊர்க்கார அக்கா ஒருவர், “தமிழிலிருந்துதான் கன்னடம் வந்தது என்று சொல்லிக்கொடுக்கிறாயா?” என்று கேட்டார். இந்த ஊரில் அது நியாயமான கேள்விதான். இல்லக்கா, அக்கா தங்கச்சி என்றுதான் சொல்கிறேன், எது மூத்தது என்று சொல்லவில்லை என்றேன். வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் அவரே தன் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளிடம் சொல் கேட்க ஆரம்பித்துவிட்டார். மேற்பார்வைக்கு வந்த ஒரு அதிகாரி மட்டும் பால் - ஹாலு என்று இரண்டு மொழியிலும் எழுதிச் சப்பரத்தில் தொங்கவிட்டிருந்த ஜோடி அட்டைகளைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அவர் போனதும் திரும்பக் கட்டினேன்.

பெற்றோரும் அதற்குப் பிறகுதான் எனக்குப் பழக்கமானார்கள். அதுவரை பள்ளி வளர்ச்சிக் குழுக் கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைத்துவிட்டு யாரும் வரவில்லையே என்று குறைபட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ராத்திரி ஏழரைக்கு ஷெட்டுப் பக்கமே போய் உட்கார்ந்தோம். சோறு வடித்துக்கொண்டே பேசினார்கள். அந்தப் பெண்ணின் அம்மா, “டீச்சரம்மா, இது இங்க கன்னடம் படிக்குது, சரி. நாளைக்கு ஊருக்குப் போயிட்டா அங்க தமிழ்ல எழுதச் சொல்வாங்களே, அப்ப என்ன பண்ணும்?” என்று கேட்டார். என்னிடம் முழுப் பதில் இல்லை, இப்போதும் இல்லை. சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அது நடக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் போதாது என்று எனக்கே தெரியும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன அந்தக் குடும்பம் திரும்பவில்லை. அப்போது அவள் ஏணியில் பாதிக்கு மேல் ஏறியிருந்தாள். பதிவேட்டில் அந்தப் பழைய வரியை அடித்துத் திருத்தியிருந்தேன், ஆனால் அதைப் பார்க்கப்போகிற அடுத்த ஆசிரியர் யார் என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரில் அவளுக்கு மாநில அரசு தந்த ஒரு மாணவர் எண் இருந்தது, அது மாநில எல்லையைத் தாண்டாது.

இந்த ஜூனில் தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. ஒடிஷாவிலிருந்து நிறையப் பேர். எனக்கு ஒடியா ஒரு சொல்கூடத் தெரியாது. ஸ்ரீராமபுரம் கைகொடுக்காத இடம் இது. மகனைச் சேர்க்க வந்த ஒரு அம்மாவிடம், பால் காய்ந்துகொண்டிருந்த பாத்திரத்தைக் காட்டி, இதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று சைகையிலேயே கேட்டேன்.

“கீரா” என்றார்.

க்ஷீர பாக்ய என்று சுவரில் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, மெதுவாக ஒரு தடவை படித்துக் காட்டினேன். பையன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.