ஆபீஸ் கழித்த டெஸ்க்டாப்: ரேமுக்கு முன்னால் கேபினெட்டைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ள பிராசசர்களை, ஓரிரண்டு விலக்கு தவிர, ஏற்பதில்லை. சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ 6, 7-ஆம் தலைமுறை ஐ5-6500, ஐ5-7500 போட்ட பிராண்டட் பெட்டி மலிவாகக் கிடைத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். லினக்ஸ் போடப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து 8-ஆம் தலைமுறை ஐ5-8500-க்குப் போவது நல்லது. 4 கோருக்குப் பதில் 6 கோர் கிடைக்கும். "இப்போதைக்கு 7-ஆம் தலைமுறை எடுங்க சார், அப்புறம் பிராசசரை மட்டும் மாத்திக்கலாம்" என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். இரண்டும் 1151 சாக்கெட்தான், உட்காரவும் செய்யும். ஆனால் பழைய போர்டில் ஆன் ஆகாது.

டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7060, ஹெச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவா திங்க்சென்டர் எம்920 மூன்றும் 8-ஆம் தலைமுறை மாடல்கள். எதை எடுத்தாலும் முதலில் முடிவு செய்ய வேண்டியது கேபினெட் அளவு. ரேமையும் டிஸ்க்கையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கேபினெட்டை மாற்ற முடியாது. புத்தகம் அளவுள்ள மைக்ரோவில் லேப்டாப் ரேம்தான் போகும், கிராபிக்ஸ் கார்டு நினைப்பே வேண்டாம். எஸ்எஃப்எஃப் எனும் ஒல்லிப் பெட்டியில் அரை உயரக் கார்டு மட்டும் போகும். 7060-இன் எஸ்எஃப்எஃப்பில் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பகுதி) 200 வாட்தான். அதைக் கழற்றிவிட்டு வழக்கமான 450 வாட் எஸ்எம்பிஎஸ் மாட்டலாம் என்றால் அளவும் வேறு, 24 பின் பிளக்குக்குப் போர்டில் இடமும் கிடையாது. கேம் ஆசை துளியாவது இருந்தால் டவர் மாடலைத் தேடுங்கள்.

கடையிலேயே பெட்டியை ஓடவிட்டு, விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங் திரையான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள்: டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, லெனோவாவில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள்; இந்த வகைப் பெட்டிகளில் போர்டிலுள்ள பேட்டரியைக் கழற்றினால் பாஸ்வேர்டு போய்விடும் என்பது எல்லா மாடலுக்கும் பொருந்தாது. ஹார்டு டிஸ்க் இருந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். இடைவிடாமல் ஒரு வருடம் ஓடினால் 8,760 மணி. 30,000 தாண்டிய டிஸ்க்குக்கு விலை பேசும்போது மதிப்பே போடாதீர்கள்.

ரேம் விலை 2025 கடைசியில் நன்றாக ஏறிவிட்டதால், பெட்டியோடு 16 ஜிபியாகவே கேட்டு வாங்குவது லாபம். தனியாக வாங்கினால் ஸ்டிக்கரைப் படியுங்கள். பிசி4-2666வி என்பதை அடுத்த ஹைஃபனுக்குப் பின் யு என்று தொடங்கினால் டெஸ்க்டாப் ரேம், எஸ் என்றால் லேப்டாப், ஆர் என்றால் சர்வர். சர்வர் ரேம் மலிவாக வரும், ஸ்லாட்டிலும் உட்காரும், ஆனால் பெட்டி பூட் ஆகாது. 3200 வேக ரேம் போட்டாலும் ஐ5-8500-இல் 2666-இல்தான் ஓடும். ஒரே 16-ஐ விட இரண்டு 8 மேல், டூயல் சேனல் (இரண்டு வழியில் ஒரே நேரத்தில் தரவு ஓடுவது) கிடைக்கும். டெல் போர்டில் டிம்1, டிம்2 என்று அச்சிட்ட ஸ்லாட்டுகளை முதலில் நிரப்புங்கள். டெல்லில் பவர் பட்டன் ஆரஞ்சு நிறத்தில் 2 முறை, சற்று விட்டு 3 முறை மின்னினால் ரேமையே காணவில்லை என்று பொருள். கழற்றி, தங்க நிறக் காலை ரப்பரால் லேசாகத் தேய்த்து, இரு பக்கமும் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள்.

என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டிலேயே படுக்கவைத்து மாட்டும் வேக டிஸ்க்) வாங்கும்போது எம்.2 ஸ்க்ரூவையும் கேட்டு வாங்குங்கள். பழைய பெட்டிகளில் அது பெரும்பாலும் இருக்காது, ஸ்க்ரூ இல்லாமல் எஸ்எஸ்டி தூக்கிக்கொண்டே நிற்கும். விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கே தெரியவில்லையென்றால் எஸ்எஸ்டியைத் திட்டாதீர்கள். டெல் பயாஸில் சாட்டா ஆபரேஷன் (டிஸ்க் இணையும் முறை) 'ரெய்டு ஆன்' என்று இருக்கும், அதை ஏஹெச்சிஐ ஆக்கினால் தெரிந்துவிடும். ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் டிஸ்க்கில் இதை நேராக மாற்றினால் நீலத்திரைதான் வரும். முதலில் சேஃப் மோடில் பூட் ஆகும்படி வைத்துவிட்டு, ரீஸ்டார்ட்டில் பயாஸை மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் திறந்தபின் வழக்கமான பூட்டுக்குத் திரும்ப வேண்டும். புதிதாகப் போடுவதே சுலபம். பெட்டி புரோ லைசென்ஸோடு வந்திருந்தால் புரோவையே தேர்ந்தெடுங்கள். நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

கிராபிக்ஸ் கார்டில் தனி பவர் ஒயர் கேட்காததுதான் உங்களுக்கு. அரை உயர ஜிடிஎக்ஸ் 1650 75 வாட் இழுக்கும், 200 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதை நான் போடச் சொல்ல மாட்டேன். ஆர்எக்ஸ் 6400 53 வாட்தான், ஆனால் அதற்கு 4 லேன் (போர்டோடு தரவு போகும் பாதை) மட்டுமே; இந்தப் போர்டுகளின் பிசிஐஇ 3.0-இல் வேகம் கொஞ்சம் அடிபடும். வீடியோ என்கோடரும் (வீடியோவைச் சுருக்கி எழுதும் பகுதி) அதில் கிடையாது. எடிட்டிங்குக்கு பிராசசரோடு வரும் யுஹெச்டி 630-ஏ தேவலை. சில ஒல்லிப் பெட்டிகளில் கிராபிக்ஸ் கார்டு போகும் எக்ஸ்16 ஸ்லாட்டை ஒட்டியே எஸ்எம்பிஎஸ் இருக்கும், இரட்டை ஸ்லாட் தடிமனுள்ள கார்டு நுழையாது. மூடியைத் திறந்து அளந்து பார்த்துவிட்டுக் கார்டுக்குப் பணம் கொடுங்கள். கார்டைப் பெட்டியின் பின்புறம் பொருத்தும் அரை உயரப் பட்டை டப்பாவுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாட்டியபின் மானிட்டர் ஒயரைக் கார்டில் செருக வேண்டும், போர்டில் அல்ல.