15,000 ரூபாய்க்குள் பழைய பவர் டில்லரை மீட்டெடுத்த அனுபவம்

எங்கள் வயல் சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு துண்டுகளாகக் கிடக்கிறது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றே கால் ஏக்கர். கார், பிசானம் என்று இரண்டு பருவமும் நெல்தான். பெரிய துண்டுக்குப் போக வாய்க்கால் கரையைத் தவிர வேறு பாதை கிடையாது. அதில் நான்கு சக்கர டிராக்டரை ஏற்றினால் கரை உடைந்துவிடும். சித்தப்பா இருந்தவரை அவருடைய பவர் டில்லர் என்ற, பின்னால் நடந்து ஓட்டும் இரு சக்கர உழவு இயந்திரம்தான் தொளி உழவு (தண்ணீர் கட்டிய சேற்று உழவு) முழுவதையும் பார்த்துக்கொண்டது. அவர் காலமான பிறகு அது தொழுவத்தின் ஓரத்தில், மேலே பழைய தார்ப்பாயும் வைக்கோலுமாக, 8 ஆண்டுகள் அசையாமல் நின்றுவிட்டது.

பழைய இரும்பு வாங்குகிறவர் எடைக்குக் கேட்டு வந்த அன்றுதான் அதை முதன்முதலாகக் கூர்ந்து பார்த்தேன். கேரளத்து அத்தாணியில் தயாரான, 12 குதிரைத்திறன் கொண்ட, ஒற்றை சிலிண்டர் டீசல் வண்டி அது. சேசிஸ் நேராக இருந்தது. கியர் பெட்டியில் வெடிப்பு இல்லை. ஆனால் என்ஜின் ஜாம் ஆகி, ஃபிளைவீல் என்ற கனத்த சுழல் சக்கரத்தை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் நகரவில்லை. புதிய டில்லர் வாங்கினால் மானியம் போகவும் லட்சத்தைத் தாண்டும். பிசான நெல் விற்ற பணத்தில் இதற்கென்று நான் ஒதுக்க முடிந்தது 15,000 ரூபாய் மட்டுமே. அந்தத் தொகைக்குள் முடியாவிட்டால் இரும்புக்காரருக்கே கொடுத்துவிடுவது என்று வீட்டில் பேசிக்கொண்டு பங்குனி மாதத்தில் வேலையைத் தொடங்கினோம்.

எங்கள் ஊரில் ஐம்பது ஆண்டுகளாக மோட்டாரும் என்ஜினும் பார்த்து வந்த ஒரு பெரியவர் இருக்கிறார். இப்போது பட்டறையை மூடிவிட்டார். அவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் எதையும் கழற்றவில்லை. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுவதும் செந்துரு. "தண்ணிய வடிக்காம விட்டிருக்காவ. அவசரப்படாதிய தம்பி, எட்டு வருசம் கெடந்தது, எட்டு நாளாவது ஊறட்டும்" என்றார். அதன் பிறகு நடந்த அத்தனை வேலைக்கும் அவர் கூலி வாங்காமல் வழி சொன்னார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஜாம் ஆன என்ஜினில் எண்ணெய் ஊற்றி ஊறவைப்பது எல்லோருக்கும் தெரிந்த முறைதான். ஆனால் இவ்வகை என்ஜினில் சிலிண்டர் படுக்கை வசமாக இருப்பதால், ஊற்றுகிற எண்ணெய் முழுவதும் அடிப்பக்கத்தில் தேங்கிவிடும். பிஸ்டனின் மேல்பாதி உலர்ந்தே கிடக்கும். ஆகவே ஆயிலையும் தண்ணீரையும் டீசலையும் வடித்துவிட்டு, என்ஜினை சேசிஸிலிருந்து பிரித்து, புளியமரக் கிளையில் செயின் புல்லி கட்டித் தூக்கி, ஹெட் (சிலிண்டரின் மூடி) பக்கம் வானத்தைப் பார்க்கும்படி ஒரு பழைய லாரி டயருக்குள் நிறுத்தினோம். நூறு கிலோவுக்கு மேல் எடை இருப்பதால் மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனின் மேல் டீசலும் என்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றினேன். மறுநாள் காலையில் பார்த்தபோது அளவு சிறிதும் குறையவில்லை. நான்காம் நாள் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. அப்படியென்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாக எண்ணெய் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். நாள்தோறும் மாலையில் பிஸ்டன் தலையில் வேப்பங்கட்டையை வைத்து, அதன் மேல் மெதுவாக நாலு தட்டுத் தட்டி, ஃபிளைவீலை இரு பக்கமும் அசைத்துப் பார்ப்பேன். ஒன்பதாம் நாள் மாலை, தட்டும்போது வரும் ஓசை மாறியது. அதுவரை கல்லில் தட்டியது போலிருந்த சத்தம் சற்றே மந்தமாகக் கேட்டது. ஃபிளைவீல் அரை அங்குலம் நகர்ந்தது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பிஸ்டனை வெளியே எடுத்த பிறகு, எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது என்பதை அளந்துதான் முடிவு செய்தோம். பிஸ்டன் ஓடும் குழாயான லைனரின் உள்பக்கத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் ரிங் நின்று திரும்பும் இடத்தில் பெரிய விளிம்பு எதுவும் தட்டுப்படவில்லை. பழைய ரிங்கை லைனருக்குள் தனியாக நுழைத்து, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டால் அளந்தபோது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியது. தேய்ந்தது ரிங்தான், லைனர் அல்ல. ஆகவே லைனரை அப்படியே வைத்துக்கொண்டு, உப்புத்தாளால் துருவை மட்டும் துடைத்துவிட்டு, ரிங் செட்டை மட்டும் மாற்றினோம். லைனரும் பிஸ்டனும் சேர்த்து வாங்கியிருந்தால் பட்ஜெட்டில் பாதி அங்கேயே போயிருக்கும். வால்வுகளை கிரைண்டிங் பேஸ்ட் தடவி நானே இரண்டு நாள் கையால் உரசி உட்காரவைத்தேன். ஹெட்டைக் கவிழ்த்து வால்வின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றி, பத்து நிமிடம் கழித்துப் பார்க்கையில் கீழே ஈரம் கசியவில்லை என்றால் வால்வு சரியாக உட்கார்ந்துவிட்டது. இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் கிடையாது.

டீசல் பம்பைப் பொறுத்தவரை, நகரத்தில் நான் முதலில் போன கடையில் பிரித்துக்கூடப் பார்க்காமல் முழு பம்பையும் மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொரு பட்டறையில் பிரித்துக் கழுவி, எலிமென்ட் (பம்பின் உள்ளே டீசலைத் தள்ளும் பாகம்) நன்றாக இருக்கிறது, நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை) மட்டும் போதும் என்று சொல்லி, கூலியோடு 1,900 ரூபாயில் முடித்துக் கொடுத்தார்கள். புதிய நாசிலைச் சோதிக்கும்போது டீசல் புகைபோலப் பிரிந்து அடிக்க வேண்டும். நூல்போல ஒழுகக் கூடாது. அந்த வேகத்துக்கு முன்னால் கையைக் காட்டக் கூடாது என்பதையும் அங்கே வற்புறுத்திச் சொன்னார்கள். அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பணம் மிச்சமானது பெரும்பாலும் பேரிங், ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்), பெல்ட் ஆகியவற்றில்தான். டில்லருக்கென்றே பெட்டியில் அடைத்து விற்கும் உதிரிப் பாகங்களாக இவற்றைத் தேட வேண்டியதில்லை. பாகத்தில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்தால் பொதுவான பேரிங் கடையிலேயே வாங்கிவிடலாம். 6205 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிமன் 15 மில்லிமீட்டர். எந்த நிறுவனத்தின் பேரிங்காக இருந்தாலும் இதே அளவுதான். ஆயில் சீலுக்கும் இவ்வாறே மூன்று அளவுகள் உண்டு. எண் அழிந்திருந்த இரண்டு சீல்களை வெர்னியரில் அளந்து, சீட்டில் எழுதிக்கொண்டு திருநெல்வேலிச் சந்திப்புப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். பெல்ட்டில் எழுத்து அதன் பருமனையும் எண் அங்குலக் கணக்கில் நீளத்தையும் சொல்லும். ஒன்று மட்டுமே அறுந்திருந்தாலும் எல்லாப் பெல்ட்டையும் ஒருசேர மாற்றுவதே முறை. பழையது நீண்டிருப்பதால் புதியது மட்டும் பாரம் சுமந்து சீக்கிரம் அறுந்துபோகும். மண்ணைக் கிளறும் கத்திகள் சுழலும் பகுதியான ரோட்டரியின் சீல் கிழிந்து, செயின் பெட்டிக்குள் ஆயிலுக்குப் பதில் சேறுதான் இருந்தது. வயலில் ஓடும் இயந்திரத்துக்கு வண்ணம் பூசுவதைவிட இந்தச் சீலைப் பார்ப்பது முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் பெயின்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிடவில்லை.

ஒரு தவறு நேர்ந்தது. ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் பழைய ஹெட் கேஸ்கட் பார்வைக்கு நன்றாக இருந்ததால் அதையே திரும்பப் போட்டேன். டீசல் லைனில் இருந்த காற்றை வெளியேற்ற, நாசில் பைப் நட்டைத் தளர்த்திக் குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை சுற்றி, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் கம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைச் சுழற்றினோம். கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் ஹேண்டிலைப் பிடிக்க வேண்டும். என்ஜின் திருப்பி உதைத்தால் கை அப்போதுதான் தப்பும். ஏழாவது முயற்சியில் என்ஜின் பிடித்துக்கொண்டது. கரும்புகை தணிந்து சீராக ஓடியது. ஆனால் கால் மணி நேரத்தில் தண்ணீர்த் தொட்டியில் குமிழ்கள் கிளம்பின. நிறுத்தி ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் மோர்போல வெளுத்திருந்தது. கேஸ்கட் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. புதிய கேஸ்கட்டுக்கும், கொட்டிய ஆயிலுக்கும், ஹெட்டின் முகத்தைத் திருநெல்வேலி பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் சமன் செய்ததற்கும் சேர்த்து 1,600 ரூபாய் கூடுதலாயிற்று. ஹெட் போல்ட்டுகளை இம்முறை குறுக்கு மறுக்காக, மூன்று சுற்றுகளாகப் படிப்படியாக முறுக்கினோம்.

மொத்தச் செலவு 14,350 ரூபாய். ரோட்டரிக் கத்திகளில் தேய்ந்துபோன ஏழு கத்திகளை மட்டும் மாற்றினேன். வலது, இடது வளைவு மாறிவிடாமல் ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பால் அடையாளம் இட்டுப் பூட்டினேன்.

கார் பருவத்துக்குத் தண்ணீர் வந்து வயல் நனைந்ததும் சேற்றில் ஓட்டுவதற்கான இரும்புச் சக்கரங்களான கேஜ் வீல் மாட்டி, வாய்க்கால் கரை வழியாக டில்லரை நானே ஓட்டிச் சென்று பெரிய துண்டில் இறக்கினேன். முதல் சாலில் கையெல்லாம் அதிர்ந்தது. மூன்றாவது சாலில் வண்டியின் போக்கு பிடிபட்டது. தொளி மேலெழுந்து புரளப் புரளக் கொக்குகள் பின்னாலேயே வந்தன. சித்தி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிவரும்வரை ஒன்றும் பேசவில்லை, பிறகு "சத்தம் அதேதான்" என்றாள். திரும்பும்போது அந்தப் பக்கச் சக்கரத்தை விடுவிக்கும் ஸ்டியரிங் கிளட்ச், இடது பக்கத்தில் மட்டும் இன்னும் முழுதாக விடுவதில்லை. அந்தப் பக்கம் திரும்பும்போது கைப்பிடியைத் தோளால் தள்ள வேண்டியிருக்கிறது. கார் அறுவடை முடிந்ததும் அதைப் பிரிக்கலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்.