ஆர்லாண்டோ டிஸ்னியில் அம்மாவுக்குச் சாப்பாடு

முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை அவ்வளவாகத் தேவைப்படாது. ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் அவர்கள் பாட்டுக்கு எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். முட்டை கூடாது, ஆனால் பாலும் தயிரும் வேண்டும் என்கிற நம்மூர் சைவக்காரர்களுக்குத்தான் அங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா. திருச்சியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். பையனுக்குப் பள்ளியில் வசந்தகால விடுமுறை விட்டதும் அட்லாண்டாவிலிருந்து எல்லோருமாகக் காரில் கிளம்பினோம். வீட்டுக்காரரும் பையனும் முட்டை சாப்பிடுவார்கள். நான் கேக்கில் இருந்தால் கண்டுகொள்ள மாட்டேன், ஆம்லெட் என்றால் வேண்டாம். ஒரே மேசையில் மூன்று சட்டம்.

கிளம்புவதற்கு முன் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்ன யோசனை, "வெளியே இந்தியன் ஓட்டல் இருக்கும், அங்கே போய்ச் சாப்பிட்டுக்கோங்க." ஆர்லாண்டோ நகரத்தில் இந்திய உணவகங்களுக்குக் குறைவில்லைதான். ஆனால் டிஸ்னி வேர்ல்டு என்பது சுமார் 25,000 ஏக்கர். அதற்குள் நான்கு பெரிய பூங்காக்கள், நீச்சல் பூங்காக்கள், வரிசையாக விடுதிகள். பூங்கா வாசலிலிருந்து நிறுத்தி வைத்த காருக்குப் போய்ச் சேர்வதே ஒரு பயணம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே போனால் அன்றைய நுழைவுச்சீட்டில் பாதி போச்சு. அதனால் உள்ளேயே சாப்பிடுவது என்று முடிவு செய்துகொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

உள்ளே போனதும் உணவுப் பட்டியல்களில் சின்னதாக ஒரு பச்சை இலை கண்ணில் படும். 2019 முதல் அங்கே இந்தக் குறி இருக்கிறது. இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் எதுவும் சேராத பண்டம் என்று பொருள். அம்மா மாதிரி ஆட்களுக்கு இது பெரிய வரம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் இதில் ஒரு கோணல் இருக்கிறது. பனீர் போட்ட கறிக்கு அந்த இலை கிடைக்காது. வெறும் சீஸ் பீட்சாவுக்கும் கிடைக்காது. இலையை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் பாதிச் சாப்பாடு கைவிட்டுப் போகும். இலை இல்லாததில் எதில் முட்டை இருக்கிறது, எதில் இல்லை என்று வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும். முதல் நாளே இது புரிந்துவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு இடத்திலும் என் முதல் கேள்வி முட்டையைப் பற்றித்தான்.

இரண்டாவது கேள்வி, எதில் வேகவைத்தீர்கள் என்பது. அமெரிக்காவில் காய்கறி சூப் என்று பெயர் வைத்திருப்பார்கள், அடியில் கோழி வேகவைத்த தண்ணீர் இருக்கும். வரும் வழியில் நெடுஞ்சாலையோரம் ஓர் உணவகத்தில் தக்காளி சூப்பில் இது மாதிரி ஒன்றும் இல்லையே என்று கேட்டதற்கு, "இல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டு, பாதிக் கிண்ணம் காலியான பிறகு பணிப்பெண் வந்து மன்னிப்புக் கேட்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, அன்று முழுக்க வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மெக்சிகோ பாணி மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். சீஸர் சாலட்டின் சாஸில் நெத்திலி மாதிரி ஒரு மீன் கரைந்திருக்கும். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், அது விலங்குத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. உருளைக்கிழங்கு வறுவலையும் சும்மா விட முடியாது. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990இல் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டதாக அறிவித்த பிறகும் அமெரிக்காவில் வறுவலில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்த்துக்கொண்டிருந்தது. அது வழக்காகி, 2002இல் இந்து அமைப்புகள், சைவ அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்தக் கதையைக் காரில் நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, அதன்பின் அம்மா எந்த வறுவலைப் பார்த்தாலும் "இது எந்த எண்ணெய்டி?" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டதும் நல்லதுக்குத்தான். கோழித் துண்டு பொரித்த அதே எண்ணெயில் உருளைக்கிழங்கையும் போடுகிற சமையலறைகள் அமெரிக்கா முழுக்க உண்டு.

காலைச் சாப்பாடுதான் உண்மையிலேயே திண்டாட்டம். அமெரிக்கக் காலையுணவு முட்டையைச் சுற்றியே நடக்கிறது. மிக்கி முகம் போட்ட வாஃபிளுக்காகப் பையன் முந்தின ராத்திரியிலிருந்தே தூங்கவில்லை. அந்த மாவிலும் முட்டை. ஓட்ஸ் கஞ்சி, பழம், பேகல், வறுத்த உருளைக்கிழங்கு என்று ஒப்பேற்றலாம், ஆனால் ஒரு நாளைக்கு மேல் அம்மாவுக்கு அது சாப்பாடாகத் தெரியவில்லை. கைகொடுத்தது அவல். விடுதி அறையில் சமைக்க முடியாது, காபி போடும் இயந்திரம் உண்டு, சின்னக் குளிர்பெட்டி உண்டு. தண்ணீரில் நனைத்த கெட்டி அவல், வரும் வழியில் வாங்கிய தயிர், வீட்டிலிருந்தே வறுத்து எடுத்துப்போன மோர்மிளகாய். அம்மா அதைச் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் நாங்கள் கீழே வாஃபிள் வரிசையில்தான் நின்றுகொண்டிருப்போம். சமைத்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் சமையலறையோடு கூடிய வில்லா எடுக்கலாம். அந்த வாடகையைக் கேட்டதும் எனக்கு அவலே பிடித்துப்போனது.

பூங்காவுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடு பண்ண வேண்டியதாக இருக்கக் கூடாது, மூக்கைத் துளைக்கிற வாசனை கூடாது. கடைசி விதியைப் படித்ததும் நான் எங்கள் புளியோதரையை நினைத்துக்கொண்டேன். பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. வாசலில் பையைத் திறந்து பார்த்த பெரியவர் டப்பாவைத் தொடக்கூட இல்லை. ஊறுகாயை மட்டும் மறக்காமல் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீருக்கும் காசு அழ வேண்டாம், குளிர்பானம் ஊற்றுகிற கவுன்டர்களில் ஐஸ் போட்ட தண்ணீர் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

இனி நல்ல சாப்பாட்டுக்கு வருகிறேன். பீட்சா, பர்கர், வறுவல் என்று தெரிந்ததையே தேடிப்போனால் சைவக்காரர் அங்கே பசியாறலாம், ருசி கிடைக்காது. ஆப்பிரிக்கா, ஆசியா என்று பெயர் போட்ட பக்கம் போக வேண்டும். மசாலா தெரிந்த சமையலில் காய்கறிக்கும் பருப்புக்கும் மரியாதை உண்டு.

நான்கு பூங்காக்களில் ஒன்றான அனிமல் கிங்டத்தில், அவதார் படத்தை வைத்துக் கட்டிய பண்டோரா என்கிற பகுதி 2017இல் திறந்தது. அந்தரத்தில் மிதக்கிற மலைகள் எல்லாம் உண்டு. அங்கே சதுலி கேன்டீன் என்று ஒரு கவுன்டர் உணவகம். கிண்ணத்தில் அடியில் என்ன, மேலே என்ன, எந்த சாஸ் என்று நாமே சொல்லி வாங்கலாம். மிளகாய் போட்டுப் பொரித்த டோஃபுவும் சோறும் வாங்கினோம். டோஃபு என்றாலே முகம் சுளிக்கிற அம்மா, மொறுமொறுப்பைப் பார்த்துவிட்டு "பனீர் மாதிரிதான் இருக்கு, ஆனா பனீர் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். மேலே கண்ணாடி மணி போல் சில உருண்டைகள் இருந்தன, பல்லில் பட்டதும் உடைந்து இனிப்புச் சாறு வந்தது. சோற்றில் எதற்கு இனிப்பு என்று அவற்றைப் பொறுக்கிப் பையனிடம் தள்ளிவிட்டார். இந்த மாதிரிக் கவுன்டர்களில் டிஸ்னி செயலி வழியாகவே முன்கூட்டி ஆர்டர் கொடுத்துவிடலாம். வரிசை மிச்சம், அதைவிட முக்கியமாக ஒவ்வொரு பண்டத்தையும் நிதானமாகப் படித்துப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

எப்காட் என்கிற இன்னொரு பூங்காவில் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள். இந்தியா கிடையாது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். இத்தாலி அரங்கில் வியா நபோலி என்ற பீட்சா கடையில் மூன்று பெரிய விறகடுப்புகள், இத்தாலியின் எரிமலைகளான எட்னா, வெசுவியஸ், ஸ்ட்ரோம்போலி பெயரில். பீட்சா நன்றாகவே இருந்தது. பார்மெசான் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அசல் பார்மெசானைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரெனெட் போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். அமெரிக்காவில் மற்ற சீஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்போது நுண்ணுயிரிலிருந்து வருகிற ரெனெட்தான், அதனால் பீட்சாவையே விட்டுவிட வேண்டியதில்லை.

எப்காட்டில் சாப்பாட்டைவிட அம்மாவுக்குப் பிடித்தது தோட்டம்தான். லிவிங் வித் த லேண்ட் என்று ஒரு படகுச் சவாரி, கண்ணாடிக் கூரைக்கு அடியில் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே மெதுவாகப் போகும். மண்ணே இல்லாமல் தொங்கிக்கொண்டு வளர்கிற செடிகள், பந்தல் மாதிரிப் படர்ந்த தக்காளி, கத்தரிக்காய், மிக்கி தலை வடிவ அச்சுக்குள் வளர்த்த பூசணி. படகு முழுக்க எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் கத்தரிக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இவ்ளோ காய் இங்கேயே விளையுதே, தட்டுல ஏண்டி வரமாட்டேங்குது?" அந்த விளைச்சலில் ஒரு பகுதி டிஸ்னி உணவகங்களுக்குத்தான் போகிறதாம். அதே கட்டடத்தில் இருக்கிற கார்டன் கிரில் உணவகம் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும், கேட்டால் சைவத்துக்கென்று தனித் தட்டும் உண்டு. எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு 60 நாள் முன்னதாகவே முன்பதிவு திறந்துவிடுகிறது, பேர்போன இடங்களுக்கு அன்று அதிகாலையிலேயே போட்டி.

நாங்கள் அப்படிப் போட்டிபோட்டு இடம் வாங்கியது சனா என்கிற உணவகத்தில். மொத்தப் பயணத்தில் ஒரே ஒரு வேளைக்குத்தான் பணம் செலவழிப்பேன் என்றால் அதை இங்கே செலவழியுங்கள். அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியின் கிடானி வில்லேஜ் பகுதியில் இருக்கிறது. விடுதி உணவகம் என்பதால் பூங்கா நுழைவுச்சீட்டு தேவையில்லை. ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்த இடம். கேட்பதற்கு விநோதமாக இருக்கும், ஆனால் வரலாறு அப்படித்தான். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்கும் குஜராத்துக்கும் இடையே பழங்காலத்திலிருந்தே வணிகம். பிறகு 1896 முதல் 1901 வரை உகாண்டா ரயில்பாதை போட இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். கென்யாவில் இன்று சப்பாத்தி அன்றாடச் சாப்பாடு.

சனாவில் ரொட்டித் தட்டுதான் பிரசித்தம். ஐந்து வகை ரொட்டி, தொட்டுக்கொள்ள ஒன்பது கிண்ணம். 'நான்' ரொட்டி, வெங்காயக் குல்ச்சா, பனீர் பராத்தா என்று அடுக்கிவர, சுற்றிலும் வெள்ளரிப் பச்சடி, மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, பூண்டு ஊறுகாய், மிளகாய் சம்பல். புளிச் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கு முன் வழக்கம்போல் நான் முட்டை விசாரணையை ஆரம்பிக்க, பரிமாற வந்த பையன் உள்ளே போய்த் தலைமைச் சமையல்காரரையே அழைத்துவந்துவிட்டான். டிஸ்னியில் இது சகஜம். ஒவ்வாமை, உணவுக் கட்டுப்பாடு என்று சொல்லிக் கேட்டால் சமையல்காரரே மேசைக்கு வந்து பேசுவதுண்டு. அவர் பட்டியலில் விரல் வைத்து, எது அம்மாவுக்கு ஆகும், எது ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா தமிழில் கேட்க, நான் ஆங்கிலத்தில் சொல்ல, நடுவே அம்மா நேரடியாகவே "ஆனியன் ஓகே, கார்லிக் ஓகே, எக் நோ" என்று முடித்துவிட்டார். ஆகாததற்குப் பதிலாகக் கூடுதல் ரொட்டி வந்தது.

சன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி நடந்து போனது. அப்புறம் வரிக்குதிரை. அப்புறம் அங்கோலே மாடுகள், கொம்பு ஒவ்வொன்றும் ஆள் கை நீளம். அம்மா கையில் குல்ச்சாவோடு மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார், எங்கள் மாட்டுப்பொங்கலுக்கு இந்தக் கொம்புக்கு எவ்வளவு வண்ணம் ஆகும் என்று கணக்குப் போட்டார். இதற்காகவே சனாவுக்கு மத்தியானமோ மாலை வெளிச்சம் இருக்கும்போதோ போங்கள். இருட்டிய பிறகு சன்னலில் நம் முகம்தான் தெரியும்.

அதே விடுதியின் மறுபக்கம் போமா என்று ஆப்பிரிக்க பஃபே இருக்கிறது. அங்கேயும் கேட்டால் சமையல்காரர் கூடவே நடந்துவந்து எது சைவம் என்று காட்டுவதுண்டு. பசி அதிகம் உள்ளவர்களுக்கு நல்ல இடம். இரண்டு சப்பாத்திக்கு மேல் சாப்பிடாத அம்மாவுக்காக பஃபே காசைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மேஜிக் கிங்டம் பூங்காவில் பெரிதாக ஒன்றும் முயற்சி செய்யவில்லை. கூட்டம் அப்படி. புளியோதரையும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் அங்கேதான் தீர்ந்தன, ஒரு மரத்தடி பெஞ்சில். பிறகு அலோஹா ஐல் கடையில் டோல் விப் வாங்கினோம். அன்னாசிச் சுவையில் ஐஸ்கிரீம் மாதிரி இருக்கும், அன்னாசி மட்டும் கேட்டால் அதில் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. வெனிலா கலந்தது வேறு, அது வேண்டுமா என்று பார்த்து வாங்குங்கள். அம்மா ஒன்றை முழுசாகத் தானே சாப்பிட்டுவிட்டு, வாணவேடிக்கைக்கு இடம் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த எங்களை நிறுத்தி, "இன்னொண்ணு வாங்கிட்டு வாடி, அவனுக்கும் சேர்த்து" என்றார். பையன் கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.