இரண்டாம் சுற்றுக் கணக்கு: ஜப்பானில் ஒருவர் பிரதமர் ஆவது எப்படி

2024 செப்டம்பர் 27. ஜப்பானை ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியின் தலைவர் தேர்தல், முதல் சுற்று. ஒன்பது பேர் களத்தில். ஷிகெரு இஷிபாவுக்கு விழுந்த எம்.பி. வாக்கு 46, கட்சி உறுப்பினர் வாக்கு 108, மொத்தம் 154. முதலிடத்தில் சனே தகாய்ச்சி, 181. அதே பிற்பகலில் இரண்டாம் சுற்று முடிந்தபோது இஷிபாவின் எம்.பி. வாக்கு 189 ஆகியிருந்தது. 215க்கு 194 என்று ஜெயித்தவர் அக்டோபர் 1 அன்று பிரதமராகப் பதவியேற்றார். இடையில் யாரும் புதிதாக ஒரு கொள்கையைச் சொல்லவில்லை. வெளியேறிய ஏழு பேரின் ஆதரவாளர்கள் எங்கே போவது என்று முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஜப்பானியப் பிரதமர்களைப் பற்றி எழுதும்போது எந்தக் குடும்பம், எந்தப் பல்கலைக்கழகம், யாருடைய பேரன் என்று ஆரம்பிப்பது வழக்கம். அதெல்லாம் போட்டியில் இறங்குகிற வரைக்கும்தான் உதவும். நாற்காலி யாருக்கு என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: அந்த முறை ஓட்டுரிமை யார் யாருக்கு, இரண்டாம் சுற்றில் மிஞ்சும் இரண்டு பேர் யார். 1956 முதல் இன்று வரை இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் பல திருப்பங்கள் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் சட்டம். 1947 அரசியல் சாசனத்தின் 67ஆவது பிரிவுப்படி, நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவரையே நாடாளுமன்றம் பிரதமராகத் தேர்ந்தெடுக்கும். இரு அவைகளும் வேறு வேறு பெயரைச் சொல்லி, கூட்டுக் குழுவிலும் உடன்பாடு வராவிட்டால் கீழவையின் முடிவே நிற்கும். மேலவை 10 நாளுக்குள் முடிவெடுக்காவிட்டாலும் அப்படித்தான். 6ஆவது பிரிவுப்படி பேரரசர் நியமிப்பார், அதில் அவருக்கு விருப்பத் தேர்வு கிடையாது. பொதுத்தேர்தல் முடிந்து நாடாளுமன்றம் முதலில் கூடும்போது பழைய அமைச்சரவை மொத்தமாக ராஜினாமா செய்தாக வேண்டும் (70ஆவது பிரிவு). அதாவது ஜெயித்த பிரதமரும் மறுபடி வாக்கெடுப்புக்கு நிற்கத்தான் வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பலர் கவனிப்பதில்லை. 1979இலும் 2024இலும் வந்த சிக்கல் முழுக்க இதிலிருந்து வந்ததுதான்.

போருக்கு முன் ஓட்டு என்ற பேச்சே இல்லை. 1885 டிசம்பரில் ஹிரோபுமி இட்டோ முதல் பிரதமரானபோது நாடாளுமன்றமே கிடையாது. அது 1890இல்தான் கூடியது. கென்ரோ எனப்பட்ட மூத்த அரசியல்வாதிகள் சிலர் பெயரைச் சொல்ல, பேரரசர் நியமிப்பார். சோஷூ, சட்சுமா பகுதிக்காரர்களின் கை ஓங்கியிருந்த காலம் அது. 1918இல் அரிசிக் கலவரம் ஆட்சியைக் கவிழ்த்த பிறகுதான், பிரபுப் பட்டம் எதுவும் ஏற்காத, கீழவை உறுப்பினரான தகாஷி ஹாரா பிரதமரானார். 1921இல் டோக்கியோ ரயில் நிலையத்தில் அவர் கொல்லப்பட்டார். 1932 மே 15 அன்று சுயோஷி இனுகாயைக் கடற்படை இளம் அதிகாரிகள் சுட்டுக் கொன்றதோடு, போர் முடியும் வரை கட்சி ஆட்சிக்கும் முற்றுப்புள்ளி.

போருக்குப் பின்னான கதை 1955 நவம்பரில் லிபரல் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் இணைந்து லிபரல் ஜனநாயகக் கட்சி ஆனதில் தொடங்குகிறது. அதன்பிறகு பெரும்பான்மை பெரும்பாலும் ஒரே கட்சியிடம் இருந்ததால், கட்சித் தலைவர் தேர்தல்தான் உண்மையான பிரதமர் தேர்தல்.

1956 டிசம்பரில் முதல் பெரிய மோதல். நோபுசுகே கிஷி 223, தன்சான் இஷிபாஷி 151, மிட்சுஜிரோ இஷிய் 137. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் 72 வாக்கு வித்தியாசம். எவரும் கிஷிதான் என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் வாக்கெடுப்புக்கு முன்பே இஷிபாஷி, இஷிய் தரப்புகள் பேசி முடித்திருந்தன: நம் இருவரில் யார் இரண்டாமிடம் வருகிறாரோ, மற்றவர் அவருக்கு. இரண்டாம் சுற்றில் இஷிபாஷி 258, கிஷி 251. ஏழே வாக்கு. இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு ஒரு விலையும் உண்டு. அமைச்சர் பதவிகளை அளவுக்கு மீறி வாக்குறுதி கொடுத்திருந்ததால் பட்டியல் போட முடியாமல், எல்லாத் துறைகளையும் தற்காலிகமாகத் தானே வைத்துக்கொண்டு இஷிபாஷி பதவியேற்க வேண்டி வந்தது. பிறகு உடல்நலம் கெட்டு 65 நாளில் விலகினார். தோற்ற கிஷியே 1957 பிப்ரவரியில் பிரதமர்.

இந்தக் கட்சியில் கோஷ்டிகள் ஏன் அவ்வளவு வலுவாக இருந்தன என்பதற்குத் தேர்தல் முறையில்தான் விடை இருக்கிறது. 1993 வரை கீழவைத் தொகுதிகள் பெரும்பாலும் 3 முதல் 5 இடங்கள் கொண்டவை. வாக்காளருக்கு ஒரே ஓட்டு. பெரும்பான்மை வேண்டுமென்றால் ஒரே தொகுதியில் இரண்டு, மூன்று பேரைக் கட்சி நிறுத்தியாக வேண்டும். அவர்களுக்கு ஒருவருக்கொருவர்தான் முதல் எதிரி. கட்சி யார் பக்கமும் சாய முடியாது. அப்போது பணம், பிரசாரம், பதவி என்று கைகொடுத்தது கோஷ்டித் தலைவர். தொகுதிக்குள் கோஎன்காய் என்ற தனிப்பட்ட ஆதரவாளர் சங்கம் தேர்தல் வேலை பார்க்கும். பதிலுக்கு எம்.பி. தர வேண்டியது ஒன்றுதான்: தலைவர் தேர்தலில் தன் ஓட்டு. ஐந்து, ஆறு முறை கீழவைக்கு ஜெயித்தவருக்கு முதல் அமைச்சர் பதவி என்பது எழுதப்படாத விதி. அந்த வரிசையில் யாரை எப்போது ஏற்றுவது என்று பிரதமரிடம் பேரம் பேசுவதும் கோஷ்டிதான்.

இந்த இயந்திரத்தை ககுயெய் தனாகா அளவுக்குப் புரிந்துகொண்டவர் யாரும் இல்லை. 1918இல் நீகாட்டாவில் பிறந்தவர், உயர்தொடக்கப் பள்ளி, பிறகு டோக்கியோவில் ஒரு தொழில்நுட்ப இரவுப் பள்ளி, கட்டுமானத் தொழில். 1947இல் எம்.பி., 1957இல் 39 வயதில் தபால் துறை அமைச்சர், 1962இல் நிதியமைச்சர், 1965இல் கட்சிப் பொதுச் செயலாளர். இந்தக் கடைசிப் பதவிதான் முக்கியம். வேட்பாளர் அங்கீகாரமும் தேர்தல் பணமும் அங்கேதான் கைமாறும். யாருக்கு எவ்வளவு தேவை, யாருக்கு எந்தத் தொகுதியில் ஆபத்து என்பதெல்லாம் அந்த மேசைக்கு வந்தே தீரும்.

1972இல் விலகவிருந்த எய்சாகு சாட்டோ, தன் வாரிசாக டகேயோ ஃபுகுடாவை விரும்பினார்: டோக்கியோ பல்கலைக்கழகம், நிதி அமைச்சகம் என்று இலக்கணம் தவறாத பாதையில் வந்தவர். மே மாதம் சாட்டோவின் கோஷ்டியிலிருந்தே 81 பேரைத் தனாகா தன் பக்கம் திரட்டினார். யசுஹிரோ நகசோனே போட்டியிடாமல் தனாகாவுக்கு ஆதரவு என்றார். மசயோஷி ஓஹிரா, டகேயோ மிக்கி இருவரோடும் வாக்கெடுப்புக்கு முன்பே பேச்சு முடிந்தது. சீனாவோடு உறவைச் சீராக்குவது அந்த உடன்பாட்டின் மையம். ஜூலை 5, ஹிபியா பொது மண்டபம். முதல் சுற்று: தனாகா 156, ஃபுகுடா 150, ஓஹிரா 101, மிக்கி 69. இரண்டாம் சுற்று: தனாகா 282, ஃபுகுடா 190. அதாவது மற்ற இருவரின் 170 வாக்குகளில் கிட்டத்தட்ட 126 தனாகாவுக்கும் 40 ஃபுகுடாவுக்கும் போயின. மூன்றாமிடக்காரர்கள் கைமாற்றித் தரும் ஓட்டு முழுசாக வந்து சேராது, ஒரு பங்கு கசியும். கசிந்த பிறகும் மிஞ்சும்படி ஏற்பாடு செய்வதுதான் திறமை. 54 வயதில் பிரதமர். செப்டம்பர் 29 அன்று பெய்ஜிங்கில் கூட்டறிக்கை.

பணத்தால் கட்டிய வலிமை பணத்தாலேயே சரிந்தது. 1974 டிசம்பரில் ராஜினாமா, 1976 ஜூலையில் அமெரிக்க விமான நிறுவனமான லாக்ஹீட்டின் லஞ்ச வழக்கில் கைது, 50 கோடி யென் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. 1983 அக்டோபரில் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதித்துத் தீர்ப்பு. இரண்டு மாதம் கழித்து நடந்த தேர்தலில் அதே தொகுதி அவருக்கு 2.2 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகளை அள்ளிக் கொடுத்தது. அதற்கும் மேலே, கட்சிக்கு வெளியே நின்றபடியே அடுத்தடுத்த பிரதமர்களை அவர் தீர்மானித்துக்கொண்டிருந்தார். இது ஜப்பானிய ஜனநாயகத்தின் மீது விழுந்த ஆழமான கறை என்றே நான் நினைக்கிறேன்.

1978இல் ஓட்டுரிமை விரிந்தது. சாதாரணக் கட்சி உறுப்பினர்கள் முதலில் வாக்களிப்பார்கள். முதல் இருவரில் ஒருவரை எம்.பி.க்கள் தேர்ந்தெடுப்பார்கள். பதவியில் இருந்த ஃபுகுடாவுக்குத் தோல்வி என்ற நினைப்பே இல்லை. இரண்டாமிடம் வருபவர் விலகிக்கொள்ள வேண்டும் என்று அவரே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். தனாகா கோஷ்டியோ எம்.பி.க்களின் செயலாளர்களை வீடு வீடாக அனுப்பி ஓஹிராவுக்கு ஓட்டுக் கேட்டது. ஓஹிரா 748 புள்ளி, ஃபுகுடா 638. சொன்ன சொல் கழுத்தைப் பிடிக்க, ஃபுகுடா எம்.பி. வாக்கெடுப்புக்கு நிற்காமலே விலகினார்.

அந்தக் கசப்பு அடுத்த ஆண்டே வெடித்தது. 1979 அக்டோபர் தேர்தலில் கட்சிக்கு 248 இடம்தான். பொறுப்பேற்று விலகு என்றது ஃபுகுடா தரப்பு, ஓஹிரா மறுத்தார். 40 நாள் இழுபறி. நவம்பர் 6 அன்று நாடாளுமன்றத்தில் ஒரே கட்சியிலிருந்து இரண்டு பெயர்கள்: முதல் சுற்றில் ஓஹிரா 135, ஃபுகுடா 125, இரண்டாவதில் 138க்கு 121. எதிர்க்கட்சிகள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டதால்தான் இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஒருவர் பிரதமராக முடிந்தது. 1980 மே 16 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது ஆளுங்கட்சியின் 69 பேர் அவைக்கு வரவில்லை. தீர்மானம் 243க்கு 187 என்று நிறைவேறியது. ஓஹிரா அவையைக் கலைத்தார், பிரசாரத்தின் நடுவே ஜூன் 12 அன்று இறந்தார். பத்து நாள் கழித்து வந்த முடிவில் அவர் கட்சிக்கு அமோக வெற்றி.

1994 சீர்திருத்தத்தில் பல இடத் தொகுதிகள் போய், ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற முறையும் விகிதாசாரப் பட்டியலும் வந்தன. கட்சிகளுக்கு அரசு மானியமும் வந்தது, தலைக்கு 250 யென் கணக்கில். கட்சி அங்கீகாரம் இல்லாமல் ஜெயிப்பது கடினமானது. கோஷ்டித் தலைவரின் பிடி தளர்ந்தது. ஜுனிச்சிரோ கொய்சுமி இதை இரண்டு முறை பயன்படுத்தினார். 2001இல் நாட்டின் 47 ஆட்சிப்பகுதிகளில் ஒவ்வொன்றின் கட்சி உறுப்பினர்களுக்கும் மூன்று ஓட்டு என்று 141 ஓட்டுகள். அதில் 123ஐ அவர் முதலிலேயே அள்ளிவிட, பெரிய கோஷ்டியின் ரியூதாரோ ஹஷிமோட்டோ 298க்கு 155 என்று தோற்றார். 2005இல் அஞ்சல் தனியார்மய மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்ட சொந்தக் கட்சிக்காரர்களுக்குக் கட்சி அங்கீகாரத்தை மறுத்து, 296 இடங்களோடு திரும்பினார்.

இப்போதைய விதி இது. போட்டியிட 20 எம்.பி.க்களின் பரிந்துரை வேண்டும், பெயர்கள் வெளியிடப்படும். இதிலேயே பலர் வடிகட்டப்படுவார்கள். செய்கோ நோடா பல முறை முயன்று 2021இல்தான் 20 பேரைச் சேர்த்தார். கையெழுத்தை ஓட்டு என்று நம்பவும் முடியாது: 2024இல் கட்சுனோபு கட்டோவுக்குக் கிடைத்த எம்.பி. வாக்கு 16, பரிந்துரைத்தவர்களைவிடக் குறைவு. முதல் சுற்றில் எம்.பி.க்கள் எத்தனை பேரோ, அதே எண்ணிக்கையில் உறுப்பினர் வாக்குகள் விகிதப்படி பிரிக்கப்படும். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், இரண்டாம் சுற்றில் எம்.பி. வாக்குகளோடு 47 ஆட்சிப்பகுதிகளுக்குத் தலா ஒன்று.

அந்த 47 பின்னால் சேர்ந்தது. 2012இல் இரண்டாம் சுற்று எம்.பி.க்களுக்கு மட்டும். முதல் சுற்றில் இஷிபா 199, ஷின்சோ அபே 141. உறுப்பினர் வாக்கு 300இல் 165 இஷிபாவுக்கு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை: இரண்டாம் சுற்றில் அபே 108, இஷிபா 89. அதன்பிறகே விதியைத் திருத்தினார்கள். திருத்தம் போதவில்லை என்பது 2021இல் தெரிந்தது. டாரோ கோனோ 47இல் 39 பகுதிகளை வென்றார்; ஆனால் எம்.பி.க்கள் 249க்கு 131 என்று ஃபுமியோ கிஷிடா பக்கம் நின்றதால் 257க்கு 170 என்று தோற்றார்.

பிரதமர் திடீரென்று விலகினால் உறுப்பினர் வாக்கெடுப்பையே விட்டுவிட்டுச் சுருக்கமாக முடிக்கவும் விதியில் இடமுண்டு. 2020இல் அப்படித்தான் 394 எம்.பி.க்களும் 141 பகுதி வாக்குகளும். யோஷிஹிடே சுகா 377. முறையைத் தேர்ந்தெடுப்பது கட்சி நிர்வாகம். அந்தக் கூட்டம் நடக்கும் நாளே பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது என்பேன்.

கட்சியில் ஜெயித்த பிறகும் கீழவையில் 465 பேர் காத்திருக்கிறார்கள். பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக மேடையேறி, தான் ஆதரிப்பவரின் பெயரையும் தன் பெயரையும் எழுதிய சீட்டைக் கொடுக்க வேண்டும். 2024 அக்டோபர் தேர்தலில் ஆளும் கூட்டணி 215 இடத்துக்கு இறங்கியதால் நவம்பர் 11 அன்று இரண்டாம் சுற்று, 30 ஆண்டுகளில் முதல் முறை. இஷிபா 221, முக்கிய எதிர்க்கட்சித் தலைவர் யோஷிஹிகோ நோடா 160, செல்லாதவை 84. அந்த 84 கவனக்குறைவில்லை. சிறு எதிர்க்கட்சிகள் தங்கள் தலைவர் பெயரையே மறுபடி எழுதின. நோடாவைப் பிரதமராக்க அவர்களுக்கு விருப்பமில்லை. இரண்டாம் சுற்றில் பாதி தேவையில்லை, எதிரியைவிட ஒன்று கூட இருந்தால் போதும்.

2025 அக்டோபர் 4 அன்று தகாய்ச்சி கட்சித் தலைவரானார், இம்முறை எம்.பி.க்களில் 149, பகுதிகளில் 36, மொத்தம் 185. ஷின்ஜிரோ கொய்சுமி 156. ஆறாம் நாள் கோமெய்தோ கட்சி 26 ஆண்டுக் கூட்டணியை முறித்தது. 196 இடத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது; 35 இடம் கொண்ட இஷின் கட்சியோடு உடன்பாடு கண்டும் 231, பெரும்பான்மைக்கு இரண்டு குறைவு. வேறு சிலரும் கைகொடுக்க, அக்டோபர் 21 அன்று கீழவையில் 237 வாக்குகளோடு முதல் சுற்றிலேயே முடிந்தது. மேலவையில் முதல் சுற்றில் 123, ஒன்று குறைந்தது. இரண்டாம் சுற்றில் 125. மேலவை வேறு பெயரைச் சொல்லியிருந்தாலும் 67ஆவது பிரிவு கீழவைப் பக்கம்தான். நாட்டின் முதல் பெண் பிரதமர் அன்றே பதவியேற்றார்.